குதிரை ரெண்டு பேரைத் தாங்காது

இரவு பதினொன்று இருக்கும். வசந்தகாலத்துக் கெயோர்கி திருநாளுக்கு முந்தின இரவு. சந்தையிலிருந்து மலைக்கு ஏறும் பாதை... இரண்டு பக்கமும் காடு. நிலா இல்லை. ஒரு குதிரை, அதன்மேல் ஒருவன், முன்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு நடக்கும் இன்னொருவன். வேறு ஈ காக்கை இல்லை.

விளக்குப் பிடித்தவர் குஸ்மான். என் கூட்டாளி டாஞ்சோவின் பெரியப்பா. பொய் சொல்ல மாட்டார். அதற்கு வேண்டிய புத்தி அவருக்குக் கிடையாது. அதனால்தான் இதை நம்புகிறேன். மற்றபடி பேயைப் பார்த்தேன் என்று எவன் வந்து சொன்னாலும், அவன் பைக்குள் யார் வீட்டுக் கோழி இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

குதிரைமேல் இருந்தவன் ராங்கெல். ஊர் ஆடுகளில் பாதி அவனுடையது. பாதிரியாருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவன் வீட்டில். இதற்குமேல் அவனைப் பற்றி என்ன சொல்ல.

அவனிடம் ஸ்தாமென் என்று ஒரு மேய்ப்பன் இருந்தான். அந்த வருஷம் பனி போகப் போகிற நேரத்தில் இரண்டு கிடாக்கள் காணாமல் போயின. தேடிப் போன ஸ்தாமென் திரும்பவில்லை. பின்னால் குதிரையில் போன ராங்கெல் தனியாக வந்தான். "கிடாவை ஓட்டிக்கிட்டு எல்லை தாண்டிட்டான் திருட்டுப்பய" என்றான். ஊர் உடனே நம்பியது. ஏன் நம்பாது? ராங்கெல் சொன்னால் மாட்டுச் சாணமும் ரொட்டிதான் எங்கள் ஊருக்கு. ஸ்தாமென் பெண்டாட்டி வெலிக்காவின் ஒரே பெண்ணாட்டைக் கிடாக்களுக்கு ஈடாக ராங்கெல் பிடித்துக்கொண்டு போனான். ஊர் அடுப்பில் ரொட்டி சுடப் போனால் பெண்கள் அவளை விலக்கினார்கள். அவள் மகள் ராய்னாவுக்கு நாலு வயது. அதையும் திருடன் குட்டி என்றார்கள்.

சரி, பாதைக்கு வருகிறேன். கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

பள்ளத்தை ஒட்டிய வளைவில் குதிரை நின்றது. பின்னங்கால்கள் மடங்கின. சேணத்து வார் கிர்ர்ர் என்று இழுபட்டது. பின்னால் ஒருவன் தொற்றி ஏறும்போது வருமே... அந்தச் சத்தம். அப்புறம் வாடை. நனைந்த ஆட்டுத்தோல் வாடை. மழை பெய்து நாளாகியிருந்தது.

"டேய் குஸ்மான், பின்னால ஏறாதடா. குடிச்சிருக்கியா?"

"நான் இங்க முன்னாடில்ல நிக்கிறேன், முதலாளி."

ராங்கெல் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரையின் மூச்சு கேட்டது. அதற்கு நடுவே பல் அடித்துக்கொள்ளும் சத்தம்... டக டக டக. குளிரில் வெகுநேரம் கிடந்தவனின் பல். அந்த இரவில் குளிரே இல்லை.

அப்போது ராங்கெல் மெதுவாகப் பேசினான். குஸ்மானிடம் இல்லை.

"அன்னைக்கே சொன்னேன்ல. குதிரை ரெண்டு பேரத் தாங்காதுன்னு. கால் ஒடிஞ்சவன் அங்கயே கிட, காலையில ஆள் அனுப்புறேன்னு சொன்னேன்ல. இறங்குடா ஸ்தாமென்."

குஸ்மான் விளக்கைக் கீழே போடவில்லை. போட்டிருந்தால் இருட்டில் அதோடு நடக்க வேண்டும்.

வீட்டு வாசலில் ராங்கெல் இறங்கியதும் குதிரை முதுகை நிமிர்த்தி உடம்பை உதறிக்கொண்டது. அவன் மாடிக்கு ஏறினான். படிக்கட்டுப் பலகை ஒவ்வொன்றும் இரண்டு தடவை முனகியது.

விடிந்தால் திருநாள். எங்கள் பக்கம் அன்றைக்கு ஒருத்தர் விடாமல் எடை பார்த்துக்கொள்வது வழக்கம், வருஷம் முழுக்க உடம்புக்கு நல்லது என்று. கோயில் பக்கத்து வாதுமை மரத்தில் பெரிய தூக்குக்கோலைக் கட்டி, அதன் குட்டைக் கைக் கொக்கியில் கயிற்று ஊஞ்சல் மாட்டியிருந்தார்கள். நீளக்கையில் குண்டை நகர்த்தி எடை பார்ப்பது எப்போதும் குஸ்மான் வேலை. வாட்டிய ஆடுகள் வரிசையாக இருந்தன. ஊரே இருந்தது. வெலிக்கா மட்டும் மகளைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றாள்.

ராங்கெல் முகம் சாம்பல் பூத்திருந்தது. எனக்கு வேண்டாம் என்றான். எடை பார்க்காதவன் அடுத்த திருநாளைப் பார்க்க மாட்டான் என்று ஒரு பயம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள்.

தூக்குக்கோலின் நீளக்கை விருட்டென்று மேலே போனது. குஸ்மான் குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். கடைசி வெட்டு வரைக்கும் தள்ளியும் கை இறங்கவில்லை.

"ராத்திரியே ஒரு ஆட்ட முழுசா முழுங்கிட்டீகளா முதலாளி?" என்றாள் சாராயம் காய்ச்சும் கேனா. "கொம்பையாவது துப்பியிருக்கலாம்ல."

சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு ஓய்ந்தது. வெயிலில் காய்ந்த அந்த ஊஞ்சலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... விழுந்த இடத்தில் புல் கருகியது, உறைபனி பட்ட மாதிரி.

ராங்கெல் எகிறிக் குதித்து இறங்கினான்.

ஊஞ்சல் மேலே எழவில்லை.

யாரும் இல்லாத ஊஞ்சல். கயிறு விறைத்தபடி. கோலின் கை வானத்தைப் பார்த்தபடி. நனைந்த ஆட்டுத்தோல் வாடை எல்லார் மூக்குக்கும் வந்தது.

குஸ்மான் இரவு கேட்டதை அப்படியே சொன்னார். "வளைவுப் பள்ளத்துல ஸ்தாமென உயிரோட விட்டுட்டு வந்திருக்காரு. அவரு வாயாலயே சொன்னாரு."

வேலிக்கு வெளியிலிருந்து வெலிக்கா கேட்டாள்: "எங்க விட்டீங்க முதலாளி? எந்தப் பக்கம்?"

 பதிலுக்குப் பாதிரியார்தான் வாய் திறந்தார்.

"தூக்குக்கோல் துருப்பிடிச்சுப் போச்சு. நல்ல நாளும் அதுவுமா கண்டதையும் பேசாத, குஸ்மான். கறி ஆறுது."

"ஆமா, துருதான்" என்றான் ஒருவன். "போன வருஷமே இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றான் இன்னொருவன். கண்ணால் பார்த்தவர்கள். மூக்கால் மோந்தவர்கள். போய் உட்கார்ந்து ராங்கெல் கொடுத்த ஆட்டைத் தின்றார்கள். எலும்பை உடைத்து உறிஞ்சினார்கள். நீங்கள் பேய்க்குப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தப் பந்தியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

குஸ்மானும் வெலிக்காவும் மட்டும் மண்வெட்டியோடு போனார்கள். பள்ளத்தின் நிழலில் பழைய பனி கிடந்தது. அதற்குள் ஸ்தாமென் இருந்தான். இரண்டு கிடாக்களும் இருந்தன, அவன் இடுப்பு வாரில் கட்டியபடியே. தன் ஆட்டுத்தோல் கோட்டை அவற்றின்மேல் போர்த்தியிருந்தான். முதலாளியின் கிடாக்கள் அல்லவா.

குஸ்மான் அவனைத் தோளில் தூக்கி வந்தார். பாதிரியாருக்கு வயிற்றுவலி; புதைக்க வரவில்லை. கிடாக்களின் கொம்பை வெலிக்கா வீடு வீடாகக் காட்டினாள். "அவரு திருடன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஊரறியச் சொல்லுங்க. அது போதும்." கதவுகள் சாத்திக்கொண்டன. குஸ்மான் சொன்னார்தான். கூலிக்காரன் சொல்லை யார் மதிப்பார்கள்?

ராங்கெல் அன்று முதல் நன்றாகத் தூங்கினான். கனம் அவனை விட்டு மரத்திலேயே தங்கிவிட்டது. செத்த பிறகும் பாருங்கள், ஏழை கோயில் வாசலோடு நின்றுகொள்கிறான்.

தூக்குக்கோலைக் கழற்ற எவனுக்கும் தைரியமில்லை. கோடை முழுக்கக் கயிறு விறைத்தே நின்றது. மழையில், காற்றில், ஓர் அங்குலம் ஆடவில்லை. ஆட்கள் கோயிலுக்குப் பின்வழியாகப் போனார்கள். வெலிக்கா மட்டும் சாயங்காலம் வந்து, காலி ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நிற்பாள். "இறங்கி வாங்க. வீட்டுக்குப் போவோம்" என்பாள்.

கெயோர்கி நாளில் அமர்த்திய மேய்ப்பனை இலையுதிர் காலத்தில் டிமிதர் நாளன்று விடுவிப்பார்கள். அந்த டிமிதர் நாள் இரவில் வருஷத்தின் முதல் பனி விழுந்தது. காலையில் குஸ்மான் பார்த்தபோது கயிறு தொளதொளவென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வெலிக்கா வீட்டுக்கு ஓடினார். கதவு திறந்திருந்தது. சாம்பலில் சூடு இருந்தது. ஆள் இல்லை.

வாசலிலிருந்து கணவாய்ப் பக்கம் கால்தடம் போயிற்று. ஒரு பெண்ணின் தடம். பக்கத்தில் சின்னத் தடம். பாலம் வரை இரண்டும் சேர்ந்து போயின. பாலம் தாண்டியதும் சின்னத் தடம் நின்றுவிட்டது. வழுக்கவில்லை, உட்காரவில்லை... நின்றுவிட்டது, அவ்வளவுதான். தாய் தூக்கிக்கொண்டாள் என்று குஸ்மான் நினைத்தார். குனிந்து அவள் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பாலத்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஆழம். மூன்றாவது தடம் எங்கேயும் இல்லை.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். பாதை மேலே சாய்ந்த கிளைகளில், அவர் தலைக்கும் மேலே ஒரு முழ உயரத்தில், பனி தட்டிவிடப்பட்டிருந்தது. ஒரு கிளை விடாமல், கணவாய் வரைக்கும். மிச்சப் பனியில் சின்ன விரல்களின் கோடு.