உருளைக்கிழங்கு அகவல்

காப்பி ஆறிவிடும், முதலில் குடியுங்கள். ரயிலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அண்ணாமலை நகர் வெயில் கொஞ்சம் தலைவலியைக் கொடுக்கும்.

வானொலி நிலையத்திலிருந்து நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். வரச்சொல்லி எழுதியவனே நான்தான். ஆகவே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

என் பெயர் ஹேமசபேசன். மாணவர்களுக்குப் பழந்தமிழ்ச் செய்யுள் சொல்லிக்கொடுக்கிறேன். யுத்தம் முடிந்த வருஷம் உங்கள் நிலையத்தார் வாரம் ஒரு இலக்கியப் பேச்சு வேண்டும் என்றார்கள். குரல் தேர்வுக்குப் போய்ப் பேசினேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி உதறிப் பார்த்தார். அறிவில் குறையில்லை, குரல்தான் எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். நான் எழுதுவது, கடலூர்ப் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் தேவசகாயம் வாசிப்பது என்று ஏற்பாடாயிற்று.

தேவசகாயத்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடலூர்ப் பூங்காவில் ஒலிபெருக்கியைச் சுற்றி ஜனங்கள் நின்று கேட்டார்கள். என் மனைவி கல்யாணசுந்தரி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவாள்.

"தேன் குடிச்சிட்டுப் பேசற மாதிரி இருக்குதுங்க. என்னா படிப்பு அவருக்கு!"

"எழுதினது நான்."

"ஆமாமா. ஒங்க கையெழுத்து அழகுதான்."

இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். தேவசகாயத்தைக் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார்த்தினார்கள். பெண்ணின் மாமா என்னைப் பார்த்து, "நீங்க அவரு பெட்டிய தூக்கியாந்தவரா? பின்னால சாப்பாடு இருக்குது" என்றார். அதையும் நான் பொருட்படுத்தவில்லை. ஊர் திரும்பியதும் ஓர் அகவல் எழுதினேன். அவ்வளவுதான்.

மிளகாய் வறுத்த கடும்புகை நடுவண்
உருளைக் கிழங்கின் தோலுரி மடமகள்
கண்ணீர் காதலற் கென்ப;
யானறி குவென்மன் தோழி புகையே.

ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டு என்று முன்னுரை எழுதி, அடுத்த பேச்சின் நடுவில் சேர்த்தேன். மிளகாயும் உருளைக்கிழங்கும் பறங்கியர் கப்பலில் நேற்று வந்தவை. படித்தவர்கள் கேட்டவுடன் கொதித்து எழுவார்கள், வாசித்தவர் தலைகுனிவார், நான் பெருந்தன்மையோடு அவரைத் தேற்றுவேன். தேற்றுவதற்கு இரண்டு வாக்கியங்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

தேவசகாயம் 'தோழி' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் உடைத்தார். பூங்காவே அழுததாம்.

ஒருவரும் கொதிக்கவில்லை. காட்டுமன்னார்கோயில் சுப்பராயலு என்கிற ஓய்வுபெற்ற பண்டிதர், தம் பாட்டனார் தூக்கத்தில்கூட இதைப் பாடுவார் என்று பத்திரிகைக்கு எழுதினார். ஐந்தாவது அடி ஒன்றும் உண்டாம், கரையான் தின்றுவிட்டதாம். சிதம்பரத்தில் 'பண்டைத் தமிழரின் கிழங்கு வாணிகம்' என்று மாநாடே கூட்டினார்கள். நானும் தேவசகாயமும் மேடையில் இருந்தோம். அங்கேதான் தாவரநூல் ஆசிரியர் ஞானசேகரன் எழுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, உருளைக்கிழங்கின் வரலாற்றைச் சொன்னார்.

தேவசகாயம் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அந்தப் பாட்ட நான்தாங்க எழுதி நடுவுல சொருவிட்டேன். சாருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அவர்.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன்.

"எவனோ ஒங்கள நல்லா ஏமாத்தி இருக்கான் சார். ஒங்க பேரு கெடலாமா? எனக்கென்னா, புள்ளைங்க நாலு நாளு சிரிக்கும், அப்பறம் மறந்துடும்."

என் கையெழுத்துப் பிரதி யார் கண்ணிலும் படக்கூடாது என்று அதை அடுப்பில் போட்டுவிட்டார். அப்போது நெகிழ்ந்துபோனேன். இப்போது யோசித்தால் அது அவசரப்பட்ட காரியம்.

பள்ளிக்கூடத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் மனைவி ஆரோக்கியம்மாள் ஒரு வேளைதான் அடுப்பு மூட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு மூட்டை அரிசி அனுப்ப நினைத்தேன். நினைத்தது உண்மை. ஆனால் அதற்குள் வானொலிப் பேச்சு என் கைக்கு வந்துவிட்டதால் நேரமில்லை. முதல் வாரம் நான் பேசியதும் கடலூரில் பலர் வால்வு போய்விட்டதென்று ரேடியோப் பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்களாம். இரண்டாம் வாரம் நீங்களே நிறுத்திவிட்டீர்கள். அதற்காகவும் நான் வருத்தப்படவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். என் மனசாட்சி அதுவரை அமைதியாகத்தான் இருந்தது. இப்போது கடலூர்க்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியுமல்லவா? இத்தனை பண்டிதர்களையும் ஏமாற்றும்படி அகவல் பாடியவர் சாமானியரா என்று கொண்டாடுகிறார்கள். பள்ளிக்கூடத்தார் வீடு தேடிப் போய்த் தலைமைத் தமிழாசிரியராகக் கூட்டி வந்துவிட்டார்கள். ஞானசேகரனே அதற்குச் சிபாரிசு. 'புதுச் சங்கப் புலவர்' என்று பட்டம் வேறு, பொன்னாடை வேறு. என் மனைவி அந்தப் பாட்டை அரிசி களையும்போது பாடுகிறாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பொய் இப்படி நாட்டில் தலைநிமிர்ந்து நடப்பதை நான் எப்படிப் பொறுப்பேன்? உண்மைக்காகத்தான் உங்களை வரவழைத்தேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அது என் சுபாவத்திலேயே இல்லை.

சிரிக்கிறீர்கள். தேவசகாயத்தையும் விசாரித்தீர்கள், பாட்டு தன்னுடையதுதான் என்று என்னைக் காப்பாற்ற இன்னும் சாதிக்கிறார், அப்படித்தானே? நல்ல மனிதர். ஆனால் அந்தக் குற்றத்தில் அவருக்கு ஓர் அசைகூடப் பங்கில்லை. 'அறிகுவென்மன்' என்ற சொல்லை அவரால் கனவிலும் போட்டிருக்க முடியாது. மோசடி முழுவதும், மோனை உட்பட, நான் செய்தது.

தண்டனை எதுவானாலும் தலைவணங்கி ஏற்கிறேன். அவருக்குப் பாராட்டு விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால், கூட்டம் சேரும் இடமாகப் பார்த்து, மேடை போட்டு, பாட்டை ஒருமுறை வாசித்துவிட்டு என்னைத் தண்டித்தால் நன்றாக இருக்கும்.