ஆறாவது இலக்கம் வராத அழைப்புக்கும் செவிசாய்த்தவருக்கு

அன்பில் உயர்ந்தவரே! அளந்து பேசி அள்ளிக் கொடுப்பவரே! தொலைபேசி நிலையத்தின் எண் பிரிவைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த கண்காணிப்பாளரே! எங்கள் சைபர் அண்ணனே, வணக்கம்!

வெளியூருக்குப் பேச வழி கேட்டவர்க்கெல்லாம், "முதல்ல சைபர் போடுங்க, அப்புறம் ஊர்க் குறியீடு, அதுக்கப்புறம்தான் வீட்டு நம்பர்" என்று சலிக்காமல் சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்தீர்கள். "என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியும் சைபர் போடுவாரோன்னு இருக்கு" என்று அண்ணியார் கேலி செய்தபோது, எங்களைவிட உரக்கச் சிரித்தவரும் தாங்களே!

ஊர் பெருத்தது, ஐந்து இலக்க எண்கள் போதவில்லை. எல்லா எண்ணுக்கும் முன்னால் ஓர் இரண்டைச் சேர்த்து ஆறாக்கினார்கள். அந்த இரண்டைத் தேர்ந்தவர் தாங்கள். பழைய எண்ணை அழைப்பவருக்குப் பதிவுக்குரல் விவரம் சொல்ல ஏற்பாடு செய்தவரும் தாங்கள். ஆனால், பெருந்தகையே, பழைய எண்களிலும் இரண்டில் தொடங்குபவை இருந்தனவே! அவற்றைப் பழையபடி அழைத்தால், புது எண்ணில் ஐந்து இலக்கம் வந்துவிட்டது, ஆறாவதும் வரும் என்று இயந்திரம் வாய்மூடிக் காத்திருந்தது. மணியும் இல்லை, குரலும் இல்லை. சற்று நேரத்தில் இணைப்பு அறுந்தது.

தையற்கடை அம்மா தங்கள் மேசை முன் வந்து நின்றபோதுதான் நமக்கு உறைத்தது. கோபித்துக்கொண்டு போன மகன் இருக்குமிடம் தெரியாது. அவனிடம் இருப்பதோ இரண்டில் தொடங்கும், கடையின் பழைய எண்.

"அவன் கூப்பிட்டு சத்தமே வரலைன்னா, அம்மா லைனையே வெட்டிட்டான்னு நினைச்சுக்குவானேய்யா!" என்றார்.

தாங்கள் அன்றே, அறுந்துபோகும் அழைப்புகளையெல்லாம் தங்கள் மேசைத் தொலைபேசிக்குத் திருப்பச் சொன்னீர்கள். கருவி பார்க்கும் தம்பி பதறினார்:

"பதிவுக்குரல் போதாதாண்ணே? குழந்தைங்க பட்டன அமுக்கறதெல்லாம் உங்க தலையிலதான் விழும்."

"விழட்டும்பா. சண்டை போட்டுட்டுப் போனவன் ஒரு தடவைதான் கூப்பிடுவான். மிஷின் பேசினா வச்சிடுவான்."

மழலையும் கேட்டீர்கள், வசவும் கேட்டீர்கள். சமையல் கேஸ் எப்போது வருமென்று அதட்டியவருக்கும் அமைதியாகப் பதில் சொன்னீர்கள். ஒரு நண்பகலில் தாங்கள் நாற்காலியை விட்டே எழுந்தீர்கள்.

"தையற்கடைதான் தம்பி. வச்சிடாதே, வச்சிடாதே! நம்பர்தான் மாறிச்சு, அம்மா மாறல. லைன்லயே இரு!"

இணைத்தீர்கள், இரண்டு குரல்களும் சேர்ந்ததும் ரிசீவரை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

"என்ன பேசறாங்கண்ணே?" என்றோம்.

"எங்க பேசறாங்க? அழறாங்க. லைன் நல்லாயிருக்கு."

பண்பின் பெட்டகமே! பழைய எண்ணோடு இன்றும் எப்போதாவது ஒருவர் வந்து சேர்கிறார். இன்றோடு தாங்கள் பணி ஓய்வு பெறுவதால், நாளை முதல் அந்த அழைப்பை முறைவைத்து நாங்கள் எடுப்போம். மனிதக் குரலில்தான் பேசுவோம். தாங்கள் கண் தெளிந்து, கால் வலுத்து, அண்ணியாரோடு கவலையற்று நெடுங்காலம் வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
தொலைபேசி நிலையப் பணியாளர்கள்