உப்பை மிதித்து வந்த சிறுமி

தொலைக்காட்சித் தொடரின் முடிவு சரியில்லை என்பதில் எங்கள் தெருவே ஒருமனதாக இருந்தது, ஐயா. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசலில் உப்பு தூவினால் கடலில் மூழ்கி இறந்தவர் உள்ளே வர முடியாது. முதல் வாரமே வகுத்த விதி அது. பாதி விளையாட்டாக, பாதி அச்சமாக, எங்கள் டோலூ நகரமே வாசல்தோறும் உப்பு தூவியது. கடைசி வாரத்தில், தாய் கூப்பிட்டாள் என்பதற்காக, இறந்த சிறுமி அதே உப்பை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து வந்துவிட்டாள். காரணமும் இல்லை, விளக்கமும் இல்லை.

பக்கத்து வீட்டு ஒர்ஃபெலினா வறுத்த மீனை மென்றபடியே சிரித்தாள். "உப்பு நமுத்துப்போச்சு போல, எவரிஸ்தோ. கதை எழுதினவன் மூளையும்தான்."

என் மனைவி நூபியா சிரிக்கவில்லை. எங்கள் மகள் யெலிட்சாவை இந்த வளைகுடாதான் கொண்டுபோயிருந்தது.

"கூப்பிட்டா வருவா, எவரிஸ்தோ," என்றாள். "நாமதான் இத்தனை நாளா கூப்பிடவே இல்ல."

அன்று முதல் மாலைதோறும் இடுப்பளவு நீரில் நின்று கூப்பிட்டாள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் சினக்கவில்லை. துறைமுகச் சங்க மேடையில் மந்திரவாதிகளை எதிர்த்து முழங்கியவன் நான். பொய் நம்பிக்கை மனிதரை எப்படித் தின்னும் என்பதை அறிந்தவன். பொறுமையாக வாதிட்டேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீ ஒரு தடவையாவது அவளைக் கூப்பிட்டியா?"

கூப்பிட்டதில்லை.

ஆகவே, கூப்பிட்டாலும் வரமாட்டாள் என்று காட்ட, நூபியாவைப் படகில் ஏற்றி ஆழத்துக்கு அழைத்துச் சென்றேன். அவள் மகிழ்ந்தாள், மகளுக்கென்று தேங்காய்ச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். தொண்டை கம்மும்வரை கூப்பிட்டாள். கடல் பதில் சொல்லவில்லை.

"இப்பவாவது ஒத்துக்கோ," என்றேன்.

"இன்னும் கொஞ்சம் உள்ள போவோம்."

முடிவே இல்லாத அந்த நம்பிக்கைக்கு, அறிவுக்குப் பொருந்தும் ஒரு முடிவை யாராவது தந்தாக வேண்டும் என்று அப்போது விளங்கியது. அவள் நீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளினேன். நீந்தத் தெரியாதவள். கடைசியாக அவள் கூப்பிட்டது யெலிட்சாவை அல்ல, என்னை.

மறுநாளிலிருந்து ஒர்ஃபெலினா தினமும் என் வாசலில் உப்பு தூவினாள். "உன் பொண்டாட்டி கடல்ல போனவ. பாத்து இரு," என்றாள்.

நீங்கள் பிடிக்க வந்தபோது கதவைத் திறந்துவைத்து வாசலை ஏன் பெருக்கிக்கொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்கள். மூடநம்பிக்கை எதுவும் இல்லை, ஐயா. உள்ளே புழுக்கம். தினமும் பெருக்காவிட்டால் உப்பு சிமெண்டுத் தரையை அரித்துவிடும்.