அமல்ராணி வீட்டுப் பூச்சி

— எம்மா, கூழுப் பானை எங்கம்மா?

— தோ, தோட்டத்துல கமுத்தி வச்சிருக்கேன். சோப்புத்தூளு போட்டு, நாரு வச்சித் தேச்சி, கொதிக்கிற தண்ணி ஊத்தி அலசிட்டேன். இடுப்பே வுட்டுப்போச்சி.

— ஐயோ! உள்ள இருந்த புளிச்ச மாவு?

— தென்னமரத்துக்கு ஊத்திட்டேன். ஏன்டி தலையில கைய வச்சிக்கினு ஒக்காந்துட்ட?

— என் வேலையே போச்சும்மா! மெட்ராஸ் கம்பெனி சாரு அந்தப் பானையத்தான பாக்க வராரு!

— அதுக்குதான்டி கழுவுனேன். அமல்ராணி வூட்டுப் பானையில கோடிக்கணக்குல பூச்சி இருக்குதுன்னு காலேஜ்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்ட. மானமா வாழ்ந்த குடும்பம்டி இது. வந்து பாக்கட்டும், ஒரு பூச்சி இருக்குதான்னு!

— அது நல்ல பூச்சிம்மா! மைக்ரோபயாலஜின்னா இன்னான்னு அஞ்சு வருஷமா சொல்லிக்கினு கெடக்கறேன்.

— இன்னாத்த சொன்ன? ஊசி போடுவியான்னா இல்லன்ற. மருந்து எழுதுவியான்னா இல்லன்ற. பி.எட். படிடின்னு அப்பவே அடிச்சிக்கினேன், கேட்டியா?

— எம்மெஸ்ஸி படிச்சிட்டு திண்டிவனத்துல ரத்தம் டெஸ்ட் பண்ற கடையில மூத்திர டப்பாவுக்குப் பேர் எழுதி ஒட்டிக்கினு இருக்கேன். இதுக்கா படிச்சேன்? நம்ம கூழுப் பூச்சி வயித்துக்கு நல்லதுன்னு அந்த சாருக்குப் புடிச்சிப்போச்சி. அதே பூச்சிய மறுபடி வளத்துக் காட்டுனா அவங்க லேப்ல எனக்கு வேலை. திண்டிவனம் தாண்டிட்டேன்னு இப்பதான் போன் பண்ணாரு.

— காலேஜ்ல வளத்து வச்சிருந்தியே, அது?

— கரண்டு கட்டுல பிரிஜ்ஜி நின்னு அத்தினியும் செத்துப்போச்சி.

— சரி, அழுவாத. கேப்பை மாவு கெடக்குது, ஜல்தியா கரைச்சி வச்சிடறேன்.

— அதுல அந்தப் பூச்சி வராதும்மா. அடியில பழைய மாவ வுட்டு வுட்டு நீ ஊத்துன பானை. உன் கல்யாணத்துலர்ந்து வளந்த பூச்சி. யாருக்காவது அந்த மாவக் குடுத்தியா? பக்கத்து வூட்டு சின்னபொண்ணு அத்த எடுத்தாங்கன்னு சண்ட போட்டியே?

— அந்தப் பேச்ச எடுக்காத! ஒரு கரண்டி கொறையுதேன்னு கேட்டேன். தொடவேயில்லன்னு மயிலம் முருகன் மேல சத்தியம் பண்ணிட்டா. மறு வாரமே மலைக்குப் போயி மொட்ட வேற போட்டுக்கினு வந்தா. பக்தி உள்ளவள திருடின்னுட்டேன்னு தெருவே காறித் துப்புச்சி. நானும் சர்ச்சு ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி, செபமாலை உருட்டி அம்பத்திமூணு மணி செபம் சொன்னேன். மூணு வருஷமா அவ மூஞ்சியப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்குது.

— ஜாக்குலினு! ஏன்டா கண்ணு அழுவற? வேலிக்கு இந்தாண்ட வரைக்கும் கேக்குது.

— ஒண்ணுமில்ல சின்னபொண்ணு அத்த. அம்மா பானையக் கழுவிட்டாங்க. அந்த மாவு இல்லன்னா எனக்கு வேலை இல்ல.

— அட, இதுக்கா? தோ, வேலி மேல தரேன், இந்தச் சட்டியப் புடி. பழைய புளிச்ச மாவு.

— உங்க வூட்டு மாவு ஆவாது அத்த. எங்க பானை மாவுதான் வேணும்.

— உங்க பானை மாவுதான்டா. உங்கம்மா கூழு ருசி வேற எவளுக்கு வருது? ஒரே ஒரு கரண்டி எடுத்தாந்தேன். அதுலர்ந்துதான் இன்னிக்கு வரைக்கும் எங்க வூட்லயும் புளிக்குது.

— அடிப்பாவி! அப்ப முருகன் மேல பண்ண சத்தியம்?

— அந்தப் பொய் சத்தியத்துக்குதான்டி அமலு, இடுப்பு வரைக்கும் இருந்த முடியக் குடுத்துட்டு வந்தேன்!