பிஞ்சு இலைக்கு அடித்த மருந்து

நாற்று வாங்க வருகிறவர்கள் இலையைத்தான் பார்ப்பார்கள், ஐயா. வேரைக் கேட்கிறவரை இந்தத் தொழிலில் நான் கண்டதில்லை. நான் பேரம் பேசும் வீட்டில் பிறந்தவன். சரக்கின் முகம் வாடினால் வாய் எவ்வளவு பேசியும் பயனில்லை என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

எங்கள் நாற்றுப்பண்ணையில் விற்பனை என்னுடையது. செடி, தங்கை புருஷனுடையது. மாப்பிள்ளை படித்தவர். என்னைப்போல் வாயால் பிழைக்கத் தெரியாதவர். தக்காளி நாற்று வண்டியில் போகும்போதே துவண்டுவிடுகிறது என்று நான் புலம்பியதால்தான் ஒரு ஹார்மோன் மருந்தைக் கொண்டுவந்தார்.

"தண்ணி இல்லாதப்போ செடி தானே சுரக்கிறது மச்சான் இது," என்றார். "இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு. வளர்ந்த இலைமேல அடிச்சா துளையைச் சாத்தும், உள்ள தண்ணி வெளியே போகாது, ரெண்டொரு நாள்ல திறந்துடும். வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி மட்டும்தான் அடிக்கணும். பிஞ்சு இலைமேல பட்டுச்சுன்னா துளை உருவாகுறதே குறைஞ்சிடும். கதவைச் சாத்துறது வேற, கதவே வைக்காம வீடு கட்டுறது வேற."

"கதவில்லாத வீட்டுக்குத் திருட்டு பயமே இல்லையே மாப்பிள்ளை."

"காத்தும் வராது. செடிக்கு வேர்வை போகலைன்னா வெயில்ல இலை வெந்துடும். அப்புறம் எந்த மருந்தடிச்சும் அந்த இலையில துளை போட முடியாது."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கவில்லை என்று உங்களிடம் சொல்லலாமென்று இந்த ஸ்டேஷனுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

ஏற்றும் நாளில் அடித்த நாற்றுத் தட்டுகள் கடையில் ரெண்டொரு நாளிலேயே பழையபடி துவண்டன. அவருக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்த சமயம், முளைத்துக் கொஞ்ச நாளே ஆன நாற்றுகளுக்கு நான் அடித்தேன். துளிர் விடும்போதெல்லாம் அடித்தேன். பிறகு அவை கடை வாசலில் தண்ணீர் காணாமல் கிடந்தாலும் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றன. வந்தவர்கள் பேரமே பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

நட்ட கையோடு வெயில் ஏறியது. புது இலை வருவதற்குள் இருந்த இலையெல்லாம் கருகின. குத்தகை நிலத்தில் நட்டிருந்த ஒருவர், நாங்கள் எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடும் மனிதர், கருகிய நாற்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "தண்ணி குறையே வைக்கலண்ணே. பெத்த புள்ளையாட்டம் பாத்தேன்," என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அந்த வாரமே தன் வயலில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை என் தங்கையின் நகப்பூச்சை வாங்கி, மிச்சமிருந்த நாற்றின் இலையடியில் தடவினார். காய்ந்ததும் உரித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். அப்படிச் செய்தால் துளைகளின் அச்சு அதில் படிந்திருக்குமாம். வெகுநேரம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் துளைகள் இருந்தன.

"பிஞ்சிலேயே பட்டிருக்கு மச்சான். எப்படின்னு புரியலை. நான் பிஞ்சுத் தட்டுப் பக்கம் மருந்தைக் கொண்டுபோகவே மாட்டேனே."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. சந்தேகப்பட்டுத் திரும்பவில்லை, உதவி கேட்டுத்தான் திரும்பினார். நான் முதலில் ஒரு வாக்கியம்தான் சொன்னேன். சத்தம்கூட உயர்த்தவில்லை.

"காய்ச்சலோட எழுந்து எழுந்து பண்ணைக்குப் போனீங்களே மாப்பிள்ளை, ஞாபகம் இல்லையா?"

அவர் போகவில்லை. வாசலைத் தாண்டவே அவருக்குத் தெம்பில்லை. ஆனால் நான் சொல்லச் சொல்ல நடக்காதது அவருக்கு ஞாபகம் வந்தது. எந்தத் தட்டிலிருந்து ஆரம்பித்தார் என்பதுவரை வந்தது. என் வாய் அப்படிப்பட்டது. நெட்டையின் வீட்டு வாசலில் எல்லோர் முன்பும் கைகூப்பி நின்றார். அப்புறம் நேராக உங்களிடம் வந்து, எல்லாம் தானே செய்ததாகச் சொன்னார். நீங்களும் உள்ளே வைத்துவிட்டீர்கள்.

அடித்தது நான், ஐயா. தெரிந்தே அடித்தேன். அவரை வெளியே விட்டுவிடுங்கள். தங்கை குடும்பம் சிதறக்கூடாது என்றுதான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க பண்ணை பேரையே கெடுத்துட்டேன் மச்சான், மன்னிச்சிடுங்க," என்று அழுதார்.

மன்னித்துவிட்டேன் என்றேன். திரும்பி வரும் வழியில், எனக்கு எவ்வளவு பெரிய மனது என்றுகூடத் தோன்றியது.