உட்கார மறுத்த மாப்பிள்ளை

தைல வாசனை வந்தாலே அப்பாவின் முழங்கால்கள் நினைவுக்கு வரும். தேவாரம் பஸ்சில் அது, ஏலக்காய்ப் பைகளின் மணத்தையும் அமுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்ற ஓர் இளைஞனிடமிருந்து வந்தது. காலியாக இருந்த பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினாள் அவன் அக்கா.

“உக்காருடா.”

“உக்காந்தா எந்திரிக்க முடியாதுக்கா.”

“நாளைக்கழிச்சுக் கல்யாணம். மணவறையில சம்மணம் போட வேணாமா? ஊர்வலத்துக்குக் குதிரை ஏறணும்னா மாசத்துக்கு முன்னயே கொஞ்சங் கொஞ்சமாப் பழகணும். எஸ்டேட்டு லோடு குதிரையில ஒரே நாள்ல மூணு மணி நேரமா?”

“விழுந்துருவேன்னு தொடையால இறுக்கிப் பிடிச்சேன்.”

“ஏறுறதுக்கு முன்னால காலை நீட்டி மடக்குனியா?”

“இல்ல.”

“எறங்குனதும்?”

“படுத்துட்டேன்.”

“வெளங்கும்! அசையாமப் படுத்தா சதை இன்னும் இறுகிப் போகும்டா. பேசாம ஊர்வலத்துக்குக் கார் சொல்லு.”

“குதிரையில வரணும்னு கேட்டதே பொண்ணுதான்க்கா.”

அக்காவின் ஊரான சிலமலையில் பஸ் நின்றது. இறங்கிய அக்கா, கோபம் இறங்காமல், ஜன்னல் வழியே அண்ணாந்து சொன்னாள்:

“அப்ப அவளையே குதிரையில ஏத்திவிடு. நீ கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு முன்னால மெதுவா நட. இந்த வலிக்கு நடைதான் மருந்து.”