எதிர்க்கடை அக்கா

"எனக்கு ஆபரேசன் ஆனப்ப என்ர மாவுக்கடைய நடத்துனதே எதுத்த மாவுக்கடைக்காரங்கதானுங்க."

சங்ககிரியிலிருந்து குமாரபாளையம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவர் புதிதாகத் தையல் கடை வைத்திருக்கிறாராம். அவர் நம்பவில்லை.

"வாடிக்கையெல்லாம் அவங்க பக்கம் போயிருக்குமேங்க?"

"அப்படித்தான் நானும் ஆசுபத்திரில படுத்துட்டு அழுதனுங்க. எதுத்த கடை பாத்திமாக்கா ரெண்டு கடைக்கும் மாவாட்டி, 'கவிதா வந்ததும் அங்கயே வாங்கிக்கங்க'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் திரும்பி வந்தப்ப வாடிக்கைல ஒரு ஊடுகூடக் கொறையலீங்க."

"இப்ப அவங்க?"

"மகளுக்குப் பிரசவம்னு கெங்கவல்லி போயிருக்காங்க. அவங்க கடைக்கும் இப்ப நாந்தான் மாவாட்டறனுங்க. 'உப்ப மட்டும் எம்பட அளவுல போடு, உன்ர அளவு வேண்டாம்'னுட்டுப் போனாங்க. போட்டி போட்டிதானுங்களே!"